சொன்னதைவிடச் சீக்கிரம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் தேடிப்போய் எடுக்கவில்லை. வேலை பார்க்கிற இடத்தில் தலையில் வந்து விழுந்தது. நான் இங்கிலாந்தில், கெட்டரிங் ஊரில் காதுக் கருவி பொருத்துகிறவன். இத்தனை வருஷம் அடுத்தவர் காதுக்குள் எட்டிப் பார்த்துப் பார்த்து என் கண்தான் கெட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எழுத உட்கார உடம்பு சம்மதிப்பதில்லை. இருந்தும் உட்கார்ந்திருக்கிறேன். ஏவ்ரில் டெபட் என்ற கிழவி என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

(“கிழவி” என்றதற்கு அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். பெயர்களை மாற்றிவிட்டேன் என்று இந்த இடத்தில் ஒரு வரி போடுவது வழக்கம். போட்டாயிற்று.)

எங்கள் வட்டாரத்தில் ஒரு தனிவகைச் செவிடு உண்டு. போர்க்காலத்தில் குண்டு விமானங்கள் ஏறிப்போன ஓடுபாதைகளில், போர் முடிந்த பிறகு கார் ஓட்டியவர்களின் செவிடு. டிராக் பந்தயம் என்பார்கள். இரண்டு கார், வளைவே இல்லாத பாதை, கால் மைல், அவ்வளவுதான். அந்த எஞ்சின் சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைப்பது அப்போது கேவலம். இப்போது வரிசையாக என்னிடம் வருகிறார்கள். நான் சொல்வது ஒன்றும் விளங்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். ஏவ்ரிலும் அப்படி வந்தவள்தான். அவள் புருஷன் லென் பிப்ரவரியில் போய்விட்டான். மார்ச்சில் அவள் வந்தாள்.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன். அடித்ததை மறைக்கப் போவதில்லை, நீங்களும் பாருங்கள்.

முதல் முயற்சி: “மார்ல்டன் ஓடுபாதையில் செப்டம்பர் வெயில் தங்கமாய் உருகி…” வேண்டாம். மார்ல்டனில் என்றைக்குத் தங்கம் உருகியது? தார் உருகும், அதுவும் எப்போதாவது.

இரண்டாவது: “ஆண்களின் உலகத்துக்குள் துணிச்சலோடு நுழைந்த புரட்சிப் பெண் ஏவ்ரில்…” இதை ஒருநாள் அவளிடமே வாய்தவறிச் சொல்லித் தொலைத்தேன். “புரட்சியா? நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உருளக்கெழங்கு மசிச்சுப் போட்டவ, தம்பி. ஞாயித்துக்கெழம வீட்டுல சும்மா கெடக்க முடியாம வண்டி ஓட்டுனேன்” என்றாள்.

மூன்றாவது: “லென் டெபட் வாழ்க்கையில் ஒரே ஒரு பந்தயத்தையாவது ஜெயித்துவிட ஆசைப்பட்டான். அன்றைக்கு அவனுக்கு எதிரே நின்றவள் அவன் மனைவி.” இது பரவாயில்லை. அலங்காரம் ஒன்றும் இல்லை, ஆனால் விஷயம் இருக்கிறது. இதிலிருந்தே போகலாம்.

3

போவதற்கு முன் ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். சலிப்பாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், இதை விட்டால் கதை நிற்காது.

லென்னும் ஏவ்ரிலும் ஓட்டிய பிரிவில் எல்லாக் காருக்கும் ஒரே வேகம் கிடையாது. பணக்காரனின் புதுக் காரும் லென் கொட்டகையில் ஒட்டுப்போட்ட காரும் ஒன்றோடொன்று மோத வேண்டும். அதற்காக ஒரு ஏற்பாடு. கால் மைலை எத்தனை வினாடியில் கடப்பேன் என்று ஓட்டுகிறவர்களே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். வெள்ளை ஷூவுக்குப் பூசுகிற பாலிஷால் அந்த எண்ணைக் கார்க் கண்ணாடியில் எழுதுவார்கள். மெதுவான காருக்கு முதலில் பச்சை விளக்கு. வேகமான கார் அந்த வித்தியாசம் தீரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு துரத்தல். யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறாரோ அவருக்கு வெற்றி.

ஆனால் பொய்யாக மெதுவான எண்ணை எழுதிவிட்டு வேகமாக ஓட்டலாமே? அதற்குத்தான் கடைசி விதி. சொன்ன எண்ணைவிடச் சீக்கிரம் வந்தால் தோற்றுப்போவீர்கள். வினாடியில் நூறில் ஒரு பங்கு முந்தினாலும் தோல்விதான்.*

* என் மனைவியிடம் இதை விளக்கினேன். “ஆறு மணிக்கு விருந்துக்கு வரேன்னு சொல்லிட்டு அஞ்சரைக்கே வந்து நிக்கறவங்க மாதிரி. தோக்கட்டும்” என்றாள். இதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது.

4

லென்னைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மனிதனாக அல்ல, கதாபாத்திரமாக.

ரஷ்டனில் செருப்புத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கிற வேலை. சனிக்கிழமை முழுக்கக் கொட்டகையில். இரண்டு காரையும் அவன்தான் கட்டினான். ஏவ்ரிலுக்கு உயரக் கூரை வைத்த பழைய ஃபோர்ட் பாப்புலர், உள்ளே ரோவர் எஞ்சின். தனக்கு ஒரு ஆங்க்லியா. அவன் கட்டிய காரில் அவள் ஜெயித்துக்கொண்டே இருந்தாள். டிவி பெட்டிக்கு மேல் கோப்பைகளுக்கு இடம் போதாமல், ஒன்றில் துணிக் கிளிப் போட்டு வைத்திருந்தாள். அவனுக்கு ஒன்றும் கிடையாது. எத்தனையோ தடவை இறுதிச் சுற்றுக்கு வந்தான். பச்சை விழும் முன்பே கால் அவசரப்படும். தொடக்கக் கோட்டு விளக்குக் கம்பத்தில் சிவப்பு எரியும், ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

இப்படி ஒருவன் மனைவிமேல் பொறாமைப்படாமல் இருந்திருப்பானா? என்னால் நம்ப முடியவில்லை. அவள் தரப்புக் கதை என்பதால் அவனை நல்லவனாக்கிவிட்டாளோ என்று கேட்டேவிட்டேன்.

“நல்லவனா? ஒவ்வொரு தடவ நான் கோப்பை வாங்கும்போதும் வீடு வரைக்கும் வாயத் தொறக்க மாட்டான். மறுநாள் காலைல டீயக் கொண்டாந்து ‘இந்தாங்க மகாராணி, ரெண்டாவது கியர் மாத்தும்போது நேத்து தூங்கிட்டீங்க’ம்பான். தூங்கிட்டேன்தான், கரெக்டாத்தான் சொல்லுவான். பாவி.”

அவள் சிரித்தாள். நான் சந்தேகத்தை மூட்டைகட்டி வைத்தேன்.

5

எண்பத்தாறாம் வருஷம், செப்டம்பர் கடைசி ஞாயிறு, மார்ல்டன். அந்த வருஷத்தின் கடைசிக் கூட்டம்.

லென்னின் கண்ணில் நடுப்பகுதி மங்கத் தொடங்கியிருந்தது. நேராகப் பார்த்தால் ஒரு அழுக்குக் கறை, சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும். நவம்பரில் பந்தய லைசென்ஸுக்கு மருத்துவப் பரிசோதனை. அதில் தேற மாட்டான் என்று அவனுக்கும் தெரியும், ஏவ்ரிலுக்கும் தெரியும். வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஆக அவனுக்கு இதுதான் கடைசி. காலையிலிருந்து ஒவ்வொருவராகத் தோற்கடித்துக்கொண்டு வந்தான். சிவப்பு ஒருதடவைகூட எரியவில்லை. மறுபக்கம் அவளும் தோற்கடித்துக்கொண்டு வந்தாள். மத்தியானம் பார்த்தால் இறுதிச் சுற்றில் மிஞ்சியது இவர்கள் இரண்டு பேரும்தான்.

வேனுக்குப் பின்னால் நின்று பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றார்கள்.

“ஏவ், ஒண்ணு சொல்லிடறேன்” என்றான் லென்.

“வாய்ல இருக்கறத முழுங்கிட்டுச் சொல்லு.”

“நீ மட்டும் எனக்கு விட்டுக்குடுத்தே…”

“என்ன பண்ணுவே? வெட்டிடுவியா?”

“வெளையாடாத. விட்டுக்குடுத்து வர்ற கோப்பை எனக்கு எதுக்கு? அது வேணும்னா நானே கடைல போய் வாங்கிக்குவேன். நெசமா ஜெயிக்கணும். இல்லன்னா நெசமாத் தோக்கணும். எது நடந்தாலும் நெசமா நடக்கணும்.”

“சரி சரி. தக்காளிச் சாறு சட்டைல வடியுது பாரு.”

(இந்த இடத்தில் ஏவ்ரில் மனதுக்குள் என்ன நினைத்தாள் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். நான் கேட்டபோது அவள் சொன்னது இவ்வளவுதான்: “களைப்பா இருந்துச்சு, தம்பி. அவன் ஆசையச் சுமக்கறதே ஒரு வேலையாப் போச்சு.”)

லென் டயரைப் பார்க்கப் போனதும் நோர்மன் வந்தான். தொடக்கக் கோட்டில் கார்களை நிறுத்துகிறவன், இருவருக்கும் பழைய சிநேகிதன். கண் விஷயத்தை மோப்பம் பிடித்திருந்தான்.

“ஏம்மா ஏவ்ரில், நாலு ரவுண்டா பாக்கறேன். கம்பத்த நேராப் பாக்காம ஓரக் கண்ணால பாக்கறான். இதோட முடிஞ்சுதா?”

“உன் வேலையப் பாரு, நோர்மன்.”

“ஒரு தடவ ஜெயிச்சுட்டுப் போகட்டுமே கண்ணு. கொஞ்சம் கால எடுத்துட்டாப் போதும்.”

“கால எடுத்தா சத்தத்துலயே கண்டுபிடிச்சுடுவான். அந்த எஞ்சினப் பெத்தவனே அவன்தான்.”

நோர்மன் குரலைத் தாழ்த்தினான். “கால எடுக்கவே வேணாம். அழுத்து. எழுதுனதவிடச் சீக்கிரம் போயிடு. ஆசைல நீ ஓவராப் போயிட்டேன்னு நெனப்பாங்க. எவன் என்ன சொல்ல முடியும்?”

“செய்ய மாட்டேன்” என்றாள் ஏவ்ரில். “அவனுக்குப் பொய் புடிக்காது. எனக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்ல. போ.”

நோர்மன் போனான். செய்ய மாட்டேன் என்று அவள் சொன்னதை நான் நம்புகிறேன். நீங்களும் இதுவரை நம்புங்கள்.

6

நான்கு மணிவாக்கில் வெயில் போய்விட்டது. வடக்கிலிருந்து மேகம் ஏறி வந்தது. காற்றில் ஒரு சில்லிப்பு.

ஓட்டுகிறவர்களுக்கு மேகம் என்றால் மழை மட்டும் அல்ல. காற்று குளிர்ந்தால் எஞ்சினுக்கு மூச்சு நன்றாக வரும், கார் கொஞ்சம் வேகம் கூடும். மத்தியான வெயிலில் எழுதிய எண்ணோடு போனால், சொன்னதைவிடச் சீக்கிரம் போய் மாட்டிக்கொள்வோம். அதனால் மேகம் கண்டதும் எல்லோரும் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்து எண்ணை மாற்றி எழுதுவார்கள். கோட்டுக்கு அழைக்கும்வரை மாற்றலாம். அழைத்த பிறகு முடியாது.

ஏவ்ரில் பாப்புலரில் பெல்ட் கட்டி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் அவள் எண் உள்ளிருந்து பார்க்க இடவலம் மாறித் தெரிந்தது. பன்னிரண்டு புள்ளி நான்கு பூஜ்யம். பக்கத்து வரிசையில் லென் காரைவிட்டு இறங்கினான். விரலை நக்கி மேலே நீட்டிப் பார்த்தான். துணியை எடுத்தான். தன் எண்ணைத் துடைத்துவிட்டுச் சின்னதாக வேறு எண் எழுதினான். எழுதியதைத் தலையைச் சாய்த்து ஓரக் கண்ணால் சரிபார்த்தான். மற்ற நாளாக இருந்தால் நேரே அவளிடம் வந்து, “நீயும் மாத்து, நூத்துல மூணு குறை” என்று சொல்லியிருப்பான். அன்றைக்கு வரவில்லை. எதிராளியிடம் வந்து யார் சொல்வார்கள்? திரும்பிப் போய் உட்கார்ந்தான்.

அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி அவள் மடியில் இருந்தது. பாலிஷ் குப்பி காலடியில் இருந்தது. பெல்ட்டை அவிழ்த்து இறங்கி, துடைத்து எழுத அதிக நேரம் ஆகாது.

கோட்டுக்கு அழைத்துவிட்டார்கள்.

7

பந்தயத்தைப் பெரிதாக எழுத ஆசைதான். வாசகர்கள் அதற்காகத்தான் இதுவரை வந்திருப்பீர்கள். ஆனால் கால் மைல் பந்தயம் கொட்டாவி விடுவதற்குள் முடிந்துவிடும்.

லென்னுக்கு முதலில் பச்சை. கால் அவசரப்படவில்லை. வாழ்க்கையிலேயே சுத்தமான தொடக்கம் அது. ஆங்க்லியா மூக்கைத் தூக்கிக்கொண்டு போனது. ஏவ்ரில் நின்றாள், நின்றாள், பிறகு அவளுக்குப் பச்சை. பாப்புலர் முதுகில் அறைந்து தள்ளியது. இரண்டாவது கியரை இந்தத் தடவை தூங்காமல் மாற்றினாள். மூன்றாவது. ஆங்க்லியாவின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கோட்டுக்குச் சற்று முன்னால் அவள் அவனைத் தாண்டினாள்.

தாண்டினாள். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தாள். ஐயோ, அவனை ஜெயித்துவிட்டேனே என்று இருந்தது.

ஆனால் வெற்றி விளக்கு லென்னின் பக்கம் எரிந்தது. அவள் போனது பன்னிரண்டு புள்ளி மூன்று எட்டு. அந்தக் காரில் அதுவரை அவள் போன எல்லா ஓட்டத்தையும்விட வேகம், அதனாலேயே தோல்வி.

முடிவுகள் சிலதை எழுதி வைத்திருந்தேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அ. லென் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்து அழுகிறான். கூட்டம் கைதட்டுகிறது. (கூட்டமே இல்லை. பாதிப் பேர் மேகத்தைப் பார்த்ததும் கிளம்பிவிட்டார்கள்.)

ஆ. லென் கோப்பையை வாங்க மறுத்து அவள் கையில் திணிக்கிறான். (இது லென் செய்யக்கூடியதுதான். ஆனால் செய்யவில்லை. வாங்கினான்.)

இ. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கப் பார்த்து, இரண்டு பேருமே சொன்னதைவிடச் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். (ரொம்ப அழகாக இருக்கிறது. அதனாலேயே தூக்கிப் போட்டேன்.)

ஈ. இதை முடிக்கவில்லை. “வீடு திரும்பும் வழியில் ஏவ்ரில் உண்மையை…” என்று நிற்கிறது. உண்மை எது என்று தெரிந்தால்தானே எழுத?

8

அவளிடம் கேட்டேன். காதில் அச்செடுக்கப் பசை ஊற்றிவிட்டு, அது இறுகும்வரை காத்திருந்த நேரம். ஒரு காதுதான் திறந்திருந்தது, அதனால் கொஞ்சம் கத்தித்தான் கேட்டேன். “வேணும்னேதான் மாத்தாம விட்டீங்களா?”

“அதான் தெரியலங்கறேனே, தம்பி. வேணும்னே விட்டேன்னா, சரி, பொய்க்காரின்னு ஒத்துக்கிட்டுப் போயிடலாம். மறந்துட்டேன்னா நிம்மதியாத் தூங்கலாம். ரெண்டும் இல்ல. பாத்துக்கிட்டே இருந்தேன். கை எழும்பல. அவ்ளோதான். களைப்பா, இல்ல அவம்மேல இருந்த பாசமா, என்ன எழவுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.”

பசை இறுகிவிட்டது. எடுத்தேன். அவள் காதைத் தேய்த்துக்கொண்டு மீதியைச் சொன்னாள்.

லென்னுக்குக் கண் சரியில்லாததால் வேனை ஓட்டியது அவள்தான். அவன் பக்கத்து இருக்கையில். மடியில் கோப்பை. மழை ஆரம்பித்துவிட்டது. கிளம்பும்போது வாசலில் நோர்மன் நின்று அவளைப் பார்த்துக் கண் சிமிட்டினான். தான் சொன்னபடி செய்துவிட்டாள் என்ற நினைப்பு அந்த மடையனுக்கு. லென் அதைப் பார்த்தானா தெரியாது. பார்க்கிற தூரம்தான், பார்க்கிற கண் இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்.

“ஏவ், விட்டுக்குடுத்தியா?”

“இல்ல லென். எண்ண மாத்த மறந்துட்டேன்.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, “சரி” என்றான்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நவம்பரில் லைசென்ஸ் போனது. பிறகு கண் முழுதும் போனது. கோப்பை டிவி மேல் இருந்தது. வாரம் ஒருதடவை எடுத்துத் துடைத்து அதே இடத்தில் தடவிப் பார்த்து வைப்பான். ஜெயித்தவன் துடைக்கிற மாதிரியும் இருக்கும், அவள் மனசு நோகக்கூடாது என்று துடைக்கிற மாதிரியும் இருக்கும். கேட்க அவளுக்குப் பயம். கேட்டால் அவன் திருப்பிக் கேட்பானே. அப்படியே முப்பத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது. பிப்ரவரியில் அவனும் போய்விட்டான்.

“நீ காது வேலை பாக்கறவன்” என்றாள். இதுதான் அந்தக் கேள்வி. “ஒரு ஆளு ‘சரி’ங்கறான். நம்பிச் சொல்றானா, இல்ல, நம்பாம, இதோட விட்டுடுவோம்னு சொல்றானா? கேட்டா உங்களுக்கெல்லாம் தெரியுமா?”

“எப்படிச் சொன்னாரு? அதே மாதிரி சொல்லிக் காட்டுங்கம்மா.”

அவள் சொல்லிக் காட்டினாள். “சரி.” தலையை ஆட்டினாள், இப்படி இல்லை. இன்னொரு தடவை சொன்னாள். இதுவும் இல்லை. கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் தாழ்த்தி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, திரும்பத் திரும்பச் சொன்னாள். வெளியே அடுத்த ஆள் காத்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. கடைசியில் நிறுத்திவிட்டாள்.

“வரமாட்டேங்குது. இத்தன தடவ மனசுக்குள்ள சொல்லிச் சொல்லித் தேஞ்சுபோச்சு. அவன் சொன்னது எது, நான் சொல்றது எதுன்னே தெரியல” என்றாள். அழுதாள். நான் காகிதத் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

9

இனி நான் எழுத ஒன்றும் இல்லை. உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

வேன் ரஷ்டன் சாலையில் போகிறது. மழை. அவள் “எண்ண மாத்த மறந்துட்டேன்” என்று சொல்லிவிட்டாள், சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். அடுத்த சொல் அவனுடையது. அதை வாய்விட்டு நீங்கள் சொல்லுங்கள். பக்கத்தில் யார் இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் வாயிலிருந்து அது எப்படி வருகிறதோ, அதுதான் இந்தக் கதையின் முடிவு.

ஒரே தடவை சொல்லுங்கள். அவன் ஒரு தடவைதான் சொன்னான்.